ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு சிட்னியின் காட்டுப் பூங்காக்களுக்குப் போகலாமா?

கேள்வி: மேற்கு சிட்னியில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து பிப்ரவரி வரை எங்களோடு இருப்பார்கள். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு ஆறும் பத்தும். ராயல் நேஷனல் பார்க், புளூ மவுண்டன்ஸ் என்று அழைத்துப் போக ஆசை. ஆனால் பாம்பு, சிலந்தி என்று அம்மா பயப்படுகிறார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாகப் போகலாம். அம்மாவின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாம்பைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறோம். ஆனால் இந்தப் பூங்காக்களில் மீட்புப் படையை வரவழைப்பவை பெரும்பாலும் வேறு காரணங்கள்: வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, பாறை விளிம்பு, அலை, தாமதமாகக் கிளம்பி இருட்டில் மாட்டிக்கொள்வது. இவை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பெருமளவு தவிர்த்துவிடலாம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. நம் மலைக்கோயில்களில் தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்தபின் இறங்குகிறோம். புளூ மவுண்டன்ஸில் இது தலைகீழ். மேட்டுநிலத்தின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவீர்கள். போகும்போது சுலபமாக இருக்கும். ஏற்றம் கடைசியில், வெயில் உச்சியில், தண்ணீர் தீரும் நேரத்தில் காத்திருக்கும். கட்டூம்பாவில் உள்ள ஜயண்ட் ஸ்டேர்வேயில் மட்டும் தொள்ளாயிரம் படிகளுக்கு மேல். இறங்க அரை மணி ஆனால் ஏற ஒரு மணி என்று கணக்கு வையுங்கள். கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு இறக்கமே பெரிய எதிரி என்பதால், படி நிறைந்த பாதைகளை அவருக்காகத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

பாதை எப்படிப்பட்டது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியா முழுக்க நடைபாதைகளை 1 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். பூங்காவின் இணையப் பக்கத்திலும் தொடக்கத்தில் உள்ள பலகையிலும் அந்த எண் இருக்கும். தரம் 1, 2 உங்கள் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். தரம் 3 என்றால் படிகளும் சிறு செங்குத்துகளும் உண்டு. நீங்களும் பத்து வயதுப் பிள்ளையும் போகலாம், அம்மா வேண்டாம். 4, 5-ஐ இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிளாக்ஹீத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் ஆறு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் தரம் 4.

உங்களுக்கு மூன்று இடங்களைச் சொல்வோம். 1879-இல் அறிவிக்கப்பட்ட ராயல், ஆஸ்திரேலியாவின் முதல் தேசியப் பூங்கா. அங்கே ஆட்லியிலிருந்து தொடங்கும் லேடி கேரிங்டன் டிரைவ் பழைய வண்டிப் பாதை. இப்போது கார்களுக்கு அனுமதி இல்லை, ஆற்றோரமாக நிழலில் போகிறது, ஏற்ற இறக்கம் குறைவு. முழுவதும் ஒரு பக்கமே பத்து கிலோமீட்டர். நீங்கள் அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். சைக்கிள்கள் வரும், பிள்ளைகளை இடப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கு-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில் பாபின் ஹெட். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. கழிப்பறை, நிழல், உட்கார இடம் எல்லாம் பக்கத்திலேயே. முதல் பயணத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. மூன்றாவது கட்டூம்பாவின் எக்கோ பாயின்ட். த்ரீ சிஸ்டர்ஸ் என்ற மூன்று பாறைத் தூண்களை நடக்காமலே பார்த்துவிடலாம்.

கிளம்பும் நாள் காலையில் மூன்றைப் பார்க்காமல் காரை எடுக்காதீர்கள். வானிலை முன்னறிவிப்பு, மாநிலத் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் அந்தப் பூங்காவுக்கான எச்சரிக்கைகள், தீ அபாய நிலை. நியூ சவுத் வேல்ஸில் காட்டுத்தீ அபாயக் காலம் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. அப்பா அம்மா இருக்கப்போகும் காலம் முழுவதும் அதற்குள்தான் வருகிறது. 2022 செப்டம்பரிலிருந்து அபாயத்தை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக். கடைசி இரண்டில் ஒன்று வந்தாலோ, முழு நெருப்புத் தடை அறிவிக்கப்பட்டாலோ அன்றைக்குக் காட்டுப் பக்கமே போகாதீர்கள். பூங்கா திறந்திருந்தாலும் வேண்டாம். உள்ளே போகவும் வரவும் சில சாலைகளே உள்ள இடங்கள் இவை. தீ அவற்றை மறித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘ஹசார்ட்ஸ் நியர் மீ’ செயலியை ஃபோனில் போட்டு, போகும் இடத்தைக் கண்காணிப்புப் பகுதியாகக் குறித்துவையுங்கள். சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். சுடச்சுட வேண்டும் என்று கேஸ் அடுப்பைத் தூக்கிப் போகாதீர்கள்.

பெருமழைக்குப் பிந்தைய சில நாட்களும் அபாயமானவைதான். ராயலில் ஆட்லி தடுப்பணைச் சாலை மூழ்கி மூடப்படும். புளூ மவுண்டன்ஸில் ஈரம் ஊறிய பாறைச் சரிவுகள் இடிந்து விழும். 2022 ஏப்ரலில் வென்ட்வொர்த் ஃபால்ஸ் பகுதி நடைபாதையில் நடந்த சரிவில் இரண்டு பேர் இறந்தார்கள். ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைத் தாண்டி யார் நடந்து போவதைப் பார்த்தாலும் நீங்கள் போகாதீர்கள்.

வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் என்றால் அப்பாவோடு நடை வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்தி உடலில் நீரைக் குறைக்கும். வெயிலில் அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அவர் சாப்பிடும் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, சூட்டில் கெட்டுவிடும். குளுக்கோஸ் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், உங்கள் பையில் அல்ல. பெரியவர் ஒருவருக்கு அரை நாளுக்கு இரண்டு லிட்டர், கோடையில் மூன்று லிட்டர் தண்ணீர். ஓடையில் தெளிவாக ஓடினாலும் குடிக்க வேண்டாம். காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்கி, பதினொன்றுக்குள் காருக்கு வந்துவிடுங்கள். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் இங்கே செல்லாது; எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் பூச வேண்டும்.

பாறை விளிம்புகளைப் பற்றி ஒரே வார்த்தை: விலகி நில்லுங்கள். இங்குள்ள மணற்பாறை அடியில் அரித்துப்போய் மேலே மெல்லிய பலகையாக நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பவருக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது தெரியாது. ராயலின் வெட்டிங் கேக் ராக்கைச் சுற்றி வேலி போட்டிருப்பது இதனால்தான். அதே பூங்காவின் ஃபிகர் எய்ட் பூல்ஸ் என்ற கடலோரப் பாறைக் குளங்கள் படங்களில் அழகாக இருக்கும். கடல் அமைதியாகத் தெரியும்போதே பெரிய அலை வந்து ஆட்களைப் பாறைமேல் இழுத்துப்போகும் இடம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் அங்கே போகவே கூடாது. ராயலிலேயே உள்ள வாட்டமொல்லாவின் காயலில் கரையோரம் கணுக்கால் ஆழம், சில அடிகளில் திடீரென ஆழமாகிவிடும். நீந்தத் தெரியாத பிள்ளை எட்டிப் பிடிக்கும் தூரத்தைத் தாண்டக் கூடாது. கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கொடி இல்லாத கடற்கரையில் மணலோடு நின்றுவிடுங்கள்.

இனி பாம்பு. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவை நடமாடும் காலம். பிரவுன் ஸ்னேக், ரெட்-பெல்லிட் பிளாக், டைகர், டெத் ஆடர் எல்லாம் இந்தப் பகுதியில் உண்டு. மனிதக் காலடியின் அதிர்வை உணர்ந்தால் பெரும்பாலும் விலகிவிடும். பாதையை விட்டு இறங்காதீர்கள். விழுந்த மரத்தைத் தாண்டாமல், அதன்மேல் ஏறி அப்பக்கம் பார்த்து இறங்குங்கள். கையைப் பாறை இடுக்கில் விடாதீர்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. அம்மா சேலைக்குப் பதில் சல்வாரோ பேன்ட்டோ போட்டுக்கொண்டால் நடக்கவும் எளிது. பாம்பைக் கண்டால் நின்று, மெல்லப் பின்வாங்கி, அது போக வழிவிடுங்கள். அடிக்கப் போகிறவர்தான் கடிபடுகிறார். மேலும் இங்கே பாம்பைக் கொல்வது குற்றம்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதில் ஊர்ப் பழக்கத்துக்கும் இங்கே சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. ஊரில் விரியன் கடித்தால் கடிவாய் வீங்கி, தசை அழுகும். ஆஸ்திரேலியாவில் விரியன் இனமே இல்லை. இங்குள்ள பாம்புகளின் கடி பல சமயம் வலிக்காது, வீங்காது, முள் கீறியது போல இருக்கும். விஷம் நிணநீர் வழியாக மெல்லப் பரவி நரம்பையும் ரத்தம் உறைவதையும் தாக்கும். தசை அசைந்தால் அந்த ஓட்டம் வேகமெடுக்கும். ஆகவே வலி இல்லையே என்று காருக்கு நடந்து வருவதுதான் மிகப் பெரிய தவறு.

கடிபட்டவரை அங்கேயே படுக்கவையுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாயின்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு இன்னொன்றை விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, உடையைக் கழற்றாமலே, கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கிச் சுற்றுங்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் எளிதில் நுழையக் கூடாது. விரல்நுனி நீலமாகவும் கூடாது. ஒரு குச்சியையோ சுருட்டிய பாயையோ வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். கடிவாய் இருக்கும் இடத்தைப் பேண்டேஜ்மேல் பேனாவால் குறித்து, நேரத்தையும் எழுதுங்கள். கழுவாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் கட்டாதீர்கள், ஆஸ்பத்திரி சேரும்வரை அவிழ்க்காதீர்கள். சிலவகைப் பேண்டேஜில் செவ்வகங்கள் அச்சிட்டிருக்கும்; சரியான இறுக்கத்தில் அவை சதுரமாகும். அப்படிப்பட்டதாக மூன்று வாங்கி, வீட்டில் ஒருமுறை பிள்ளையின் காலில் சுற்றிப் பழகுங்கள்.

ஃபனல்-வெப் சிலந்திக்கும் இதே முறை. 1981-இல் அதற்கு மாற்று மருந்து வந்தபின் அந்தக் கடியால் யாரும் இறக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரெட்பேக் சிலந்திக்கு மட்டும் கட்டு வேண்டாம், ஐஸ் போதும். கட்டினால் வலி கூடும்.

அவசரத்துக்கு 000. உங்கள் நிறுவனத்துக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைப்பு போகும். எந்தச் சிக்னலும் இல்லாத பள்ளத்தில், மொபைலில் அழைக்கும் இன்னொரு அவசர எண்ணான 112-ம் போகாது. ‘எமர்ஜென்சி பிளஸ்’ செயலி நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும். அதை அப்படியே வாசித்தால் போதும். பெற்றோருக்கு இரண்டு சொற்களைப் பழக்குங்கள்: முதலில் ‘ஆம்புலன்ஸ்’, அடுத்து ‘தமிழ்’. இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். போகும் இடம், பாதையின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அவர் 000-ஐ அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் பெற்றோருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆம்புலன்ஸுக்கும் கட்டணம் உண்டு. பயணக் காப்பீட்டு எண்ணைப் படமெடுத்து ஃபோனில் வையுங்கள்.

அங்கே பூப் பறிக்கக் கூடாது, பறவைகளுக்கு உணவு போடக் கூடாது என்பதையும் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வீடு திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று எல்லாரையும் பாருங்கள்: காதுக்குப் பின்னால், கூந்தலுக்குள், அக்குள், தொடையிடுக்கு. இங்குள்ள பாரலிசிஸ் டிக் என்ற உண்ணியைப் பிடுங்கக் கூடாது. விரலாலோ சாமணத்தாலோ நசுக்கினால் அதன் உமிழ்நீர் உடலுக்குள் போகும். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் அதையே செய்யும். ஃபார்மசியில் கிடைக்கும், ஈதர் கலந்த உறையவைக்கும் ஸ்பிரேயை அடித்து அதை அங்கேயே கொன்று, தானாக விழ விடுங்கள். மிகச் சிறிய உண்ணிகளுக்குப் பெர்மெத்ரின் கிரீம் தடவினால் போதும். முகம், தொண்டை வீங்கினால் உடனே 000. இந்த உண்ணிக் கடிக்குப் பின் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வாமை வருகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், தடிப்போ மூச்சுத் திணறலோ தொடங்கும். மூச்சுத் திணறினால் அப்போதும் 000தான். தடிப்பு மட்டும் என்றால் மறுநாள் மருத்துவரிடம் போகும்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு உண்ணி கடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.