அம்மாவுக்கு முட்டி வலி, கையில மூணு நாள், அஞ்சு மலைக்கோட்டை: எதுக்கு போகலாம், எத விடலாம்

பிரான்ஸ்ல துலூஸ்ல வேலை பாக்குற ஒருத்தர் கேட்டிருக்கார். மே மாசம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வராங்களாம். அப்பாவுக்கு 66 வயசு, செஞ்சி ராஜகிரிய ரெண்டு தடவ ஏறினவர், இப்பவும் நல்லா நடப்பார். அம்மாவுக்கு 61, முட்டி தேய்மானம். பையனுக்கு 9. கார் இருக்கு, மூணு நாள் லீவு, தெற்கு பக்கம் மலைமேல இருக்கிற கதார் கோட்டைங்க அஞ்சையும் முடிச்சிடலாமா, சைவ சாப்பாடு கிடைக்குமா, அம்மாவ கூட்டிட்டு போகலாமா இல்ல வீட்லயே விட்டுட்டு போகணுமான்னு கேக்குறார்.

மொதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன். அம்மாவ கண்டிப்பா கூட்டிட்டு போங்க. ஆனா அஞ்சு கோட்டைங்கிற ஐடியாவ விட்டுடுங்க. நான் பல வருஷமா அந்த பக்கம் ஆளுங்கள கூட்டிட்டு போயிட்டு வரேன், ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல பாத்த யாருமே சாயங்காலம் சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல, மூணாவது கோட்டைல எல்லாருக்கும் கல்லு கல்லா தான் தெரியும், பசங்க அழ ஆரம்பிச்சிடும், பெரியவங்க கார்லயே உக்காந்துக்கறேன்னு சொல்லிடுவாங்க.

கதார்னா வளைகுடால இருக்கிற கத்தார் இல்லைங்க, இத நெறைய பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க. 12, 13ஆம் நூற்றாண்டுல இந்த லாங்கதோக் பகுதில ரோம் சர்ச்ச ஏத்துக்காத ஒரு கிறிஸ்துவ கூட்டம் இருந்துச்சு, அவங்க தான் கதார்கள். அவங்க துறவிங்க கறி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டாங்க, மீன் மட்டும் சாப்பிடுவாங்க. போப் இவங்க மேல சிலுவைப்போர் அறிவிச்சு 1209ல இருந்து 1229 வரைக்கும் நடந்துச்சு. இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு போனீங்கன்னா ஏமாற மாட்டீங்க: இன்னைக்கு நீங்க ஏறி பாக்குற சுவர்ல பெரும்பகுதி கதார்கள் காலத்துது இல்ல, அவங்கள அடக்கினதுக்கு அப்புறம் பிரான்ஸ் ராஜா கட்டினது. 1258ல கொர்பெய் ஒப்பந்தம் போட்டு பிரான்சுக்கும் இப்ப ஸ்பெயின்ல இருக்கிற அரகோன் ராஜ்யத்துக்கும் இந்த மலைங்க தான் எல்லைன்னு ஆச்சு, அதனால பெயர்பெர்த்யூஸ், கேரிபுஸ், பியிலோரன்ஸ், தெர்ம், அகிலார் இந்த அஞ்சையும் எல்லைக் காவலுக்கு பலமா கட்டினாங்க. வடக்க இருக்கிற கர்கசோன் நகரக் கோட்டைய தாய்க்கோட்டைன்னும் இது அஞ்சும் அதோட பிள்ளைங்கன்னும் சொல்லுவாங்க. நீங்க அஞ்சுன்னு கேட்டதும் இந்த கணக்கு தான்னு நெனைக்கறேன். 1659ல எல்லை இன்னும் தெற்கா பிரெனே மலைக்கு போயிடுச்சு, அதோட இதுங்களுக்கு வேலை போச்சு.

சரி, பிளானுக்கு வரேன். மொத நாள் துலூஸ்ல இருந்து காலைல கிளம்பி மிர்புவா போங்க. நடுவுல சதுக்கம், சுத்தி மரத்தூண் மேல நிக்கிற பழைய வீடுங்க, கீழ நிழல்ல நடக்கலாம், அம்மாவுக்கு பிடிக்கும். திங்கக்கிழமை காலைல சந்தை கூடும், லீவு அப்படி அமைஞ்சா விடாதீங்க. அங்க இருந்து புய்வேர் கோட்டை. இது அந்த அஞ்சுல ஒண்ணு இல்ல, ஆனா உங்க அம்மா ஏறக்கூடிய கோட்டை எதுன்னு கேட்டா நான் இத தான் சொல்லுவேன், கார் கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் போகும், கொஞ்சம் மேடு நடந்தா உள்ள புல்வெளி. கோபுரத்துக்குள்ள இசைக்கலைஞர்கள் அறைன்னு ஒண்ணு இருக்கு, கூரையோட வளைவு வந்து முடியற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஆள் கையில ஒரு வாத்தியத்தோட செதுக்கி வெச்சிருக்காங்க, மொத்தம் எட்டு. பையன எது எது என்ன வாத்தியம்னு கண்டுபிடிக்க சொல்லுங்க, அரை மணி நேரம் ஓடிடும். அந்த அறைக்கு படி ஏறணும், அம்மாவுக்கு அது மட்டும் மெதுவா.

அப்புறம் கியான் வழியா டி117 ரோட்ட பிடிச்சு கிழக்கே போங்க, கியான்லயே பெட்ரோல் போட்டுக்கோங்க, அதுக்கப்புறம் பங்க் தேடிட்டு அலையாதீங்க. வழில பியிலோரன்ஸ் மேல தெரியும். அப்பாவுக்கும் பையனுக்கும் காலு நல்லா இருந்தா அவங்க ரெண்டு பேரும் ஏறட்டும், கால் மணி நேர ஏத்தம், வாசலுக்கு முன்னாடி குறுக்க குறுக்க சுவர் வெச்சு நேரா ஓடி வர முடியாத மாதிரி வளைச்சு வளைச்சு விட்டிருக்காங்க, அத பாத்தாலே அந்த காலத்துல எப்படி யோசிச்சிருக்காங்கன்னு புரியும். நேரமாயிடுச்சுன்னா ரோட்ல இருந்தே பாத்துட்டு போயிடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. ராத்திரி தங்க குகுன்யான் கிராமம் பாருங்க, ரெண்டு பெரிய கோட்டைக்கும் நடுவுல இருக்கு.

ரெண்டாவது நாள் தான் முக்கியமான நாள். காலைல திறந்த உடனே பெயர்பெர்த்யூஸ். துய்லாக் ஊர்ல இருந்து பாத்தீங்கன்னா மேல கோட்டை எங்கன்னே தெரியாது, 800 மீட்டர் உயரத்துல ஒரு சுண்ணாம்புப் பாறை முகடு, அதோட நீளம் 300 மீட்டர் கிட்ட, பாறை எங்க முடியுது சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பிரிக்க முடியாது. கார் பார்க்ல இருந்து பாதை நேரா ஏறாம பாறையோட பின்பக்கமா மரத்துக்குள்ள சுத்திட்டு போய் ஏறும், 20 நிமிஷம் வெச்சுக்கோங்க. கல்லு எல்லாம் ஆளுங்க நடந்து நடந்து மொழுமொழுன்னு ஆயிருக்கு. செஞ்சில மாதிரி வரிசையா கட்டின படின்னு அப்பா நெனைச்சிட்டு வந்துடப்போறார், இங்க பாதி இடத்துல படி கிடையாது, வெறும் கரடுமுரடான பாறை தான், மழை பேஞ்சிருந்தா சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். நான் மொதல் தடவ போனப்ப அடி தேஞ்ச கேன்வாஸ் ஷூல போய் இறங்கும்போது உக்காந்து உக்காந்து தான் இறங்கினேன், பேன்ட் பின்பக்கம் போயிடுச்சு. செருப்பு, சாண்டல் எதுவும் வேண்டாம், நல்ல பிடிப்பு உள்ள ஷூ போடணும்.

உள்ள போனா கீழ்க்கோட்டை, அதுக்கு மேல உச்சில சான் ஜோர்டின்னு மேல்கோட்டை. அங்க போக ஒரு படிக்கட்டு இருக்கு, ஒன்பதாம் லூயி ராஜா 1242ல உத்தரவு போட்டு வெட்டினது, 60 படி கிட்ட இருக்கும், பாறை ஓரத்துலயே வெட்டியிருக்காங்க, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பிடிச்சுக்க கம்பிக் கயிறு இருக்கு, ஆனா அது பாறை பக்கம் தான். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், நடுவுல குழிஞ்சு கிடக்கும், குழில தண்ணி நிக்கும். பையன முன்னாடி விட்டு நீங்க பின்னாடி ஏறுங்க, இறங்கும்போது நீங்க முன்னாடி. காத்து பலமா இருந்தா அந்த படிய தொடவே தொடாதீங்க.

காத்த பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா வெப்சைட்ல படம் பாத்துட்டு வர யாரும் இத எதிர்பாக்கறதில்ல. இந்த பக்கம் வடமேற்குல இருந்து த்ராமொந்தான்னு ஒரு காத்து அடிக்கும், வெயில் பளிச்சுன்னு இருக்கும், வானத்துல ஒரு மேகம் இருக்காது, கீழ ஊர்ல இலை ஆடுற அளவுக்கு தான் இருக்கும், ஆனா மேல போய் சுவர் தாண்டி தலைய நீட்டினீங்கன்னா மூஞ்சில அறையற மாதிரி இருக்கும். ரொம்ப பலமா இருந்தா கோட்டையையே மூடிடுவாங்க, இடி மழை வந்தாலும் மூடுவாங்க. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி வானிலைல மழை இருக்கான்னு மட்டும் பாக்காம காத்து வேகமும் பாருங்க, சந்தேகமா இருந்தா டிக்கெட் கவுன்டருக்கு போன் போட்டு திறந்திருக்கான்னு கேட்டுடுங்க. அன்னைக்கு காத்துன்னா ரெண்டாவது நாளையும் மூணாவது நாளையும் மாத்திக்கோங்க, அவ்ளோ தான்.

மதியம் சாப்பிட்டு ரெஸ்ட் எடுத்துட்டு நாலு மணி வாக்குல கேரிபுஸ். 728 மீட்டர்ல ஒரு பாறை மேல விரல நீட்டி வெச்ச மாதிரி நிக்கும். கதார்களுக்கு இடம் கொடுத்த கோட்டைங்கள்ல கடைசியா விழுந்தது இது தான், 1255ல. ஏத்தம் கம்மி தான், கால் மணி நேரம் கூட ஆகாது, ஆனா காத்துக்கு ஒளிய இடமே இல்ல. கோபுரத்துக்குள்ள ஒரே ஒரு கல்தூண் இருக்கிற மண்டபம், அந்த தூண்ல இருந்து கூரை வளைவுங்க பனை மரம் மட்டை விரிச்ச மாதிரி நாலா பக்கமும் போகும், தூண் சரியா நடுவுல கூட இல்ல. மேல ஏறினா ஒரு பக்கம் பனி படிஞ்ச கனிகூ மலை, இன்னொரு பக்கம் தூரத்துல கடல், காலைல நீங்க ஏறின பெயர்பெர்த்யூஸ் எதிர்ல. காலைல ஏறினத சாயங்காலம் இங்க இருந்து பாக்கும்போது தான் பையன் "அங்கயா நாம போனோம்"னு கேப்பான், அதுக்காகவே இந்த வரிசைய மாத்தாதீங்க.

அம்மா அன்னைக்கு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, குகுன்யான் ஊர்லயே இருக்கட்டும். மேல ஒரு காத்தாடி மாவு மில்லு இருக்கு, அங்க அரைச்ச மாவுல ரொட்டி சுட்டு விக்கிறாங்க, உக்கார இடம் இருக்கு. முட்டிக்கு ஏறறத விட இறங்கறது தான் கஷ்டம், ஏறிட்டு பாதில மாட்டிக்கிட்டா தூக்கிட்டு வர வழி கிடையாது, அதனால "கொஞ்ச தூரம் வந்து பாக்கறேன்"னு அம்மா சொன்னா ஊன்றுகோல் ரெண்டு கொடுத்து டிக்கெட் கவுன்டர் வரைக்கும் மட்டும் கூட்டிட்டு போங்க.

மூணாவது நாள் வடக்க ஏறி கர்கசோன் வந்து, அங்க இருந்து லஸ்தூர். ஒரே மலை முகட்டுல நாலு கோட்டை வரிசையா நிக்கும். உள்ள போய் நாலையும் சுத்த ரெண்டு மணி நேரம் ஆகும், ஆனா எதிர் மலைல ஒரு வியூ பாயின்ட் இருக்கு, அதுவரைக்கும் காரே போகும், அம்மா கார்ல இருந்து இறங்கி நாலு எட்டு வெச்சா நாலு கோட்டையும் ஒண்ணா கண்ணுக்கு முன்னாடி. ஏறி போன நாங்க கூட அவ்ளோ நல்லா பாத்ததில்ல.

கதார் கதைல பேர் போன மோன்செகுர் கோட்டை இந்த லிஸ்ட்ல இல்லையேன்னு கேப்பீங்க. அது துலூஸ்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள, வேற ஒரு ஞாயித்துக்கிழமை தனியா போங்க. 1207 மீட்டர், அரை மணி நேரம் மூச்சு வாங்குற ஏத்தம், மேல போனா வெறும் சுவர் தான், அதுவும் பின்னாடி கட்டினது. அங்க பாக்க வேண்டியது மேல இல்ல, ஏற ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற புல்வெளி. கதார்கள் இருந்த அந்த கோட்டைய 1243ல ராஜா படை முற்றுகை போட்டு, 1244 மார்ச்ல கோட்டை பணிஞ்சு, 15 நாள் அவகாசம் கொடுத்தாங்க. மதத்த விட்டா உயிரோட போகலாம். அந்த 15 நாள்ல, தப்பிச்சு போயிருக்கக்கூடிய 20 பேர் கிட்ட புதுசா அந்த மதத்துல தீட்சை வாங்கிக்கிட்டாங்க. மார்ச் 16 அன்னைக்கு 200 பேருக்கு மேல எரிச்சாங்க. இப்ப அங்க ஒரு நடுகல் மட்டும் இருக்கு, நெறைய பேர் கவனிக்காம தாண்டி ஏறி போயிடுவாங்க.

தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துக்கோங்க, மேல குழாய் கிடையாது, டாய்லெட்டும் கிடையாது, கவுன்டர் பக்கத்துலயே முடிச்சிட்டு ஏறுங்க. தண்ணி இல்லாம என்ன ஆகும்னு தெர்ம் கோட்டைக்காரங்க தான் சாட்சி, 1210ல நாலு மாசம் முற்றுகைல தாக்குப்பிடிச்சாங்க, தொட்டில தண்ணி வத்தி சரணடையலாம்னு பேசி முடிச்ச ராத்திரி மழை பேஞ்சுச்சு, சந்தோஷமா சண்டைய தொடர்ந்தாங்க, அந்த தொட்டி தண்ணியே கெட்டுப்போய் வயித்துப்போக்கு வந்து தான் கோட்டை போச்சு.

சாப்பாடு: கிராமத்து ரெஸ்டாரன்ட்ல மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் தான், 2:10க்கு போய் நின்னா சிரிச்சிட்டே இல்லைன்னு சொல்லுவாங்க. சைவம்னா ஆட்டுப்பால் சீஸ் சாலட், ஆம்லெட், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. கசூலேன்னு மெனுல இருக்கும், வெள்ளை பீன்ஸ் தானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, உள்ள வாத்தும் பன்னியும் இருக்கும். ஒரு குக்கர் புளியோதரை கட்டிட்டு போனா ரெண்டு வேளை தாங்கும்.

மே மாசம் சரியான மாசம் தான், மாத்த வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட்ல வெயிலோட காட்டுத்தீ பயமும் சேர்ந்துக்கும், 2025 ஆகஸ்ட்ல இந்த கொர்பியேர் மலைல பத்தின தீ 16,000 ஹெக்டேர் கிட்ட எரிச்சுது, அந்த மாதிரி சமயத்துல பாதைங்கள மூடிடுவாங்க. ஜனவரில பல கோட்டை மூடி தான் கிடக்கும். டிக்கெட் மொதல் கோட்டைல வாங்கும்போதே மத்த கோட்டைக்கும் சேத்து டிஸ்கவுண்ட் கார்டு இருக்கான்னு கேளுங்க. ரோடு குறுகலா வளைஞ்சு வளைஞ்சு போகும், மேப்ல ஒரு மணின்னு காட்டினா ஒன்றரை மணி வெச்சுக்கோங்க, சிக்னல் விட்டு விட்டு தான் வரும், மேப்ப துலூஸ்லயே டவுன்லோட் பண்ணிடுங்க. கார்ல பின்சீட்ல வாந்தி வரும்னு உங்க அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா முன்சீட்ட அவங்களுக்கு கொடுத்துடுங்க, அப்பா பின்னாடி பையனோட உக்காந்து செஞ்சி கதைய சொல்லிட்டு வரட்டும்.