டெவலப் பிராஞ்ச் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், ஒரே கிட் ரெப்போ (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் கிடங்கு). மெயின், டெவலப், ரிலீஸ் போக ஆளுக்கொரு பிராஞ்ச் (தனிக் கிளை) வைத்திருக்கிறோம். ரிலீஸுக்கு முந்தைய நாள் மெர்ஜ் செய்தால் (கிளைகளை இணைத்தால்) கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இருவர் வேறுவேறாக மாற்றிய மோதல்) குவிகிறது. போன வாரம் சேர்த்த ஒரு திருத்தம் காணவே இல்லை. எளிய முறை சொல்லுங்களேன்.
- வாசகி, பெருங்குடி, சென்னை

பதில்: டெவலப், ரிலீஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக மெயின் மட்டும் போதும். வெளியிடும்போது அதில் ஒரு டேக் (பதிப்பின் பெயர்க்குறி) போடுங்கள். உங்கள் அமைப்பு 2010-இல் வின்சென்ட் ட்ரீசன் எழுதிய கிட்ஃப்ளோ என்ற பிராஞ்ச் முறையின் சாயல். பல பதிப்புகளை ஒரே சமயத்தில் பராமரிப்பவர்களுக்கு அது சரி. அடிக்கடி வெளியிடும் குழுவுக்கு இதைவிட எளியதே பொருந்தும் என்று 2020-இல் அவரே குறிப்பு சேர்த்துவிட்டார்.

ஆளுக்கொரு பிராஞ்சை வேலைக்கொரு பிராஞ்சாக மாற்றுங்கள். ஆயுள் இரண்டு நாள். தினமும் காலையில் ‘கிட் ஃபெட்ச்’, பிறகு ‘கிட் மெர்ஜ் ஆரிஜின்/மெயின்’ கொடுத்து, சர்வரில் உள்ள மெயினை உங்கள் பிராஞ்சில் சேருங்கள். அன்றைய கான்ஃப்ளிக்ட் நாலு வரிக்குள் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் புல் ரெக்வெஸ்ட் (மெயினில் சேர்க்கக் கேட்பது), ஒருவர் ரிவ்யூ, டெஸ்ட், ஸ்குவாஷ் மெர்ஜ் (பிராஞ்சின் கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, ஒன்றாக்கிச் சேர்ப்பது). உடனே பிராஞ்சை அழித்துவிடுங்கள். அழிக்காமல் அதிலேயே தொடர்ந்தால், ஸ்குவாஷ் புதிய கமிட்டாகப் போயிருப்பதால் உங்கள் பழைய கமிட்டுகள் சேர்ந்துவிட்டதை கிட் அறியாது. தீர்த்த கான்ஃப்ளிக்டே மறுபடி வந்து நிற்கும்.

கான்ஃப்ளிக்ட் வராத மெர்ஜையும் நம்ப வேண்டாம். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறு ஃபைலில் பழைய பெயரிலேயே அழைக்கிறார். கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிடும், பில்ட் உடையும். ஆகவே மெயினைச் சேர்த்த பிறகு ஓடிய டெஸ்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளை மெயினின் நுனியில் மறுபடி அடுக்குவது) இப்போதைக்கு வேண்டாம். மெர்ஜில் <<<<<<< குறிக்குக் கீழே இருப்பது உங்கள் வரி. ரீபேஸில் அந்த இடத்தில் மெயினின் வரி நிற்கும்; உங்களுடையது ======= குறிக்குக் கீழே போய்விடும். இது தெரியாமல் ‘ஆவர்ஸ்’ (‘நம்முடையது’, அதாவது மேல் பக்கம்) கொடுத்தால் சொந்தத் திருத்தமே போய்விடும். மெயினுக்கு நேரடி புஷ், ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றை மேலெழுதுவது) இரண்டையும் செட்டிங்கில் பூட்டுங்கள்.

காணாமல் போன திருத்தம்: கான்ஃப்ளிக்டில் யாரோ ஒரு பக்கத்தை அப்படியே எடுத்திருந்தால், அந்த ஃபைலின் சாதாரண லாகில் கமிட் தெரியாமல் போகலாம். ‘கிட் லாக் --ஃபுல்-ஹிஸ்டரி’ என்று ஃபைல் பெயரோடு கொடுங்கள். கிடைத்ததும் செர்ரி-பிக் (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்ப்பது) செய்யலாம். ஃபோர்ஸ் புஷ்ஷில் போயிருந்தால், எழுதியவரின் லேப்டாப்பில் ‘கிட் ரெஃப்லாக்’ (பிராஞ்ச் முன்பு எந்தெந்தக் கமிட்டில் இருந்தது என்ற உள்ளூர்ப் பதிவு) பாருங்கள். எந்த பிராஞ்சிலும் ஒட்டாத கமிட்டின் பதிவு அதில் வழக்கமாக 30 நாள் இருக்கும். இன்றே பார்த்துவிடுங்கள்.