இரட்டை உலோக நானோதுகள்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரு உலோகங்கள் சேர்ந்த நானோதுகள் தயாரிக்க, குளோரோஆரிக் அமிலத்தில் (குளோரின் கொண்ட தங்கச் சேர்மம்) வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்ததும் கரைசல் பால் போல் வெளுத்துவிட்டது. நானோதுகள் உருவாகிவிட்டதா?

பதில்: இல்லை, அது வெள்ளி குளோரைடு வீழ்படிவு. ஒடுக்கியை, அதாவது உலோக அயனிகளுக்கு எலக்ட்ரான் தந்து உலோகமாக்கும் பொருளை, சேர்க்கும் முன்பே உலோகம் எங்கிருந்து வரும்? கரைசலை இன்னும் பல மடங்கு நீர்க்கச் செய்யுங்கள்.

கேள்வி: ஒடுக்கியாக, முந்தைய நாள் கரைத்து வைத்த சோடியம் போரோஹைட்ரைடைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பெரும்பகுதி ஹைட்ரஜனாக வெளியேறியிருக்கும். பனிக்குளிர் நீரில் கரைத்துச் சில நிமிடங்களுக்குள் சேர்த்துவிடுங்கள். கரைசல் உள்ள குப்பியை ஒருபோதும் இறுக மூடாதீர்கள்.

கேள்வி: தங்க, பல்லேடிய உப்புகளை 1:1 விகிதத்தில் ஒன்றாக ஒடுக்கினேன். ஒளி உட்கவர் நிறமாலையில் தங்கத்தின் 520 நானோமீட்டர் முகடு மறைந்துவிட்டது. 1:1 உலோகக்கலவை என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அதே கேள்வி வேறொரு கையெழுத்தில் வந்துகொண்டேயிருக்கிறது. நீங்கள் குடுவையில் இட்ட விகிதம் வேறு, துகளில் அமைந்த விகிதம் வேறு. தங்கத்தின் ஒடுக்க மின்னழுத்தம் (அதிகமானால் எளிதில் ஒடுங்கும்) சுமார் 1 வோல்ட், பல்லேடியத்துக்குச் சுமார் 0.6 என்பதால், மென்மையான ஒடுக்கியில் தங்கம் முந்திக்கொண்டு கருவாகிப் பல்லேடியம் அதன்மேல் ஓடாகப் படியலாம். அந்த மெல்லிய ஓடே 520 முகட்டை மழுங்கடிக்கப் போதும். ஆகவே துகள்களைக் கழுவி, இராஜ திராவகத்தில் (செறிந்த நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்து, உண்மையான விகிதத்தை அளவிடுங்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில், தாமிரக் கதிருக்கு, தங்கம் 38 பாகையிலும் பல்லேடியம் 40 பாகையிலும் முகடு தரும். கலவையானால் இடையில் ஒரே முகடு வர வேண்டும். ஆனால் 3 நானோமீட்டர் துகளில் அது அகன்று பரவிவிடுவதால், எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் தனிம வரைபடத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள் துகளாக எடுத்தாலொழிய நான் நம்ப மாட்டேன். தங்கம்-வெள்ளி இணைக்கு எக்ஸ்-கதிர் சான்றைக் காட்டவே வேண்டாம். இரண்டின் அணிக்கோவை நீளமும் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க நீளம்) ஏறக்குறைய ஒன்றே, 4.08, 4.09 ஆங்ஸ்ட்ராம். தனித்தனியே தயாரித்த இரு உலோகத் துகள்களை வெறுமனே கலந்து, உங்கள் துகளை வினையூக்கியாக வைத்துச் செய்யும் அதே வினையைச் செய்து பார்த்தீர்களா? அந்த ஒப்பீடு இல்லாமல், இரு உலோகமும் சேர்ந்ததால்தான் வேகம் கூடியது என்று பொருள்படும் 'கூட்டு விளைவு' என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் வினையூக்கி வேலை செய்யவில்லை. காரணம் என்ன?

பதில்: எந்த உலோகம், எந்த வினை, என்ன வெப்பநிலை என்று ஒன்றையும் எழுதாமல் காரணம் கேட்டால் சோதிடம்தான் சொல்ல வேண்டும். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பாலிவினைல்பிரோலிடோன் என்ற பலபடியை அளவுக்கு மீறிச் சேர்த்து மேற்பரப்பையே மூடியிருக்கலாம்; குடுவையில் பழைய உலோகம் ஒட்டியிருக்கலாம். குடுவையை இராஜ திராவகத்தால் கழுவுங்கள், ஆனால் அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் எதுவும் அதனுடன் சேரவே கூடாது.

கேள்வி: ஹைட்ரஜனேற்றம் முடிந்தபின் கரிமேல் படிந்த பல்லேடியம்-தங்க வினையூக்கியை வடிதாளிலேயே உலர விடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹைட்ரஜனை உறிஞ்சிய பல்லேடியம் உலர்ந்து காற்றுப்பட்டால், மெத்தனால் ஆவி அருகில் இருந்தாலே தீப்பற்றிவிடும். வடிகட்டும்போதே நீரால் நனைத்து, ஈரமாகவே தனிக் குப்பியில் சேமியுங்கள்.