கதை கேட்கிறான், சொல்லத் தெரியவில்லையே!

கேள்வி: மகனுக்கு நாலரை வயது. அம்மம்மா சொல்லும் கதையை ஆவென்று கேட்பான். திருப்பிச் சொல்லச் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாக உளறுகிறான். பக்கத்து நிலையம் ஒன்றில் மூன்று மாதக் 'கதைசொல்லல் பயிற்சி', சான்றிதழும் உண்டாம். முற்பணம் கட்டிவிட்டேன். அனுப்பலாமா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: வேண்டாம் அம்மா. நாலு வயதில் பிள்ளைகள் சம்பவங்களைத் தாவித்தாவித்தான் சொல்லுவார்கள். ஐந்தை எட்டும்போது வரிசை வரும், ஆனால் பரபரப்பான கட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். முடிவு வரை கொண்டுபோவது பெரும்பாலும் ஆறு வயதில்தான்.

திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக் கதையை எடுங்கள். தாய் இறந்துவிட்டாள் என்று இராவணன் நம்புகிறான். கிரியைக்குத் தண்ணீர் இல்லை. ஏழு இடத்தில் நிலத்தைக் குத்துகிறான், வெந்நீர் பீறிடுகிறது. கவலை, தேவை, முயற்சி, முடிவு எல்லாம் இதற்குள் இருக்கிறது. ஒரு நாள் காலையில் வெந்நீரூற்றுக்கே கூட்டிப்போங்கள். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இருக்காது; வாளியில் அள்ளி, நீங்கள் பார்த்த பிறகு அவன் தொடட்டும்.

அன்றிரவு, "தண்ணி இல்ல. இராவணன் என்ன செய்தான்?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். அவன் "குத்தினான்" என்றால், "ஓ, வாளால நிலத்தைக் குத்தினானா? பிறகு?" என்று அதையே நீட்டிக் கொடுங்கள். திருத்த வேண்டாம். ஏழு கிணறு இருபதானால் இருபதாகவே இருக்கட்டும். அடுத்த கிழமையும் அதே கதைதான். அது வாயில் பழகியதும் கோணேசர் கோயில் பாறைப் பிளவான இராவணன் வெட்டு, பூதங்கள் கந்தளாய்க் குளம் கட்டிய கதை என்று போகலாம்.

இப்படியான நிலையங்களில் நான் கண்டது வேறு. யாரோ பெரியவர் எழுதியதை மனப்பாடம் செய்வித்து, இங்கே கையைத் தூக்கு, அங்கே கண்ணை உருட்டு என்று பழக்குவார்கள். ஒரு சொல் மறந்தால் பிள்ளை மேடையில் அழுதபடி நிற்கும், ஏனென்றால் அதனிடம் இருந்தது வசனம் மட்டும்தான். சான்றிதழ் பாடசாலை அனுமதிக்கு உதவும் என்பார்கள், நம்பாதீர்கள். அரச பாடசாலையில் தரம் ஒன்றுக்கு வசிப்பிடம், பழைய மாணவரின் பிள்ளையா, அங்கே சகோதரர் படிக்கிறாரா போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். முன்பள்ளிகளாவது கதைக்கு நேரம் தருகின்றனவா? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் நாலு வயதிலேயே தொடங்கி, கொப்பி நிரப்புவதிலேயே காலை போய்விடுகிறது. இதைத் தட்டிக்கேட்க வேண்டிய அதிகாரிகள் கலைவிழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

ஒன்றில் மட்டும் கவனம். மூன்று வயது தாண்டியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, நாலு வயதிலும் பேச்சு அயலவருக்கு விளங்காத பிள்ளை, சொல் தடக்கி முகம் இறுகும் பிள்ளை என்றால் கதையோடு நிற்காதீர்கள். வைத்தியசாலையில் முதலில் காதைச் சோதியுங்கள், அப்புறம் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வளர வளரச் சரியாகும், தகப்பனும் பிந்தித்தான் பேசினார், வீட்டில் சிங்களமும் பேசுவதால்தான் பிந்துகிறது என்றெல்லாம் சொல்லுவார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. வசம்பு, தேன் என்று மாதக்கணக்கில் கடத்தவும் வேண்டாம். உங்கள் மகனிடம் இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் அந்தக் காசுக்காகப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.