பிளாக் சரியாக வெட்டுப்படவில்லையா? ஹிஸ்டோபதாலஜி கேள்வி – பதில்

நோயாளியின் திசுவை மெழுகுக் கட்டியில் (பிளாக்) பதித்து, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவல்களாக (செக்‌ஷன்) வெட்டும் ஹிஸ்டோபதாலஜி வேலையில் இருக்கும் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்கள், வெட்டும் இயந்திரமான மைக்ரோடோமைத்தான் குற்றம் சொல்கின்றன. ஆனால் பல நேரம் குறை முந்தின நாளே, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினிலோ, அதன் நீரை எடுக்கும் ஆல்கஹாலிலோ ஆரம்பித்திருக்கும். கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வழியை முதல் பதிலிலேயே தருகிறோம். மற்ற பதில்களைப் படிக்கும்போதும் அதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ரிப்பனில் (ஒன்றோடொன்று ஒட்டி வரும் தொடரில்) ஒரு செக்‌ஷன் தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் வருகிறது. சில சுற்றுக்கு செக்‌ஷனே வருவதில்லை. புது பிளேடு போட்டும் அதே கதை. சர்வீஸ் இன்ஜினீயரைக் கூப்பிடும் முன் நான் என்ன பார்க்கலாம்? (லேப் டெக்னீசியன், வடபழனி)

திசு எதுவும் இல்லாமல் வெறும் மெழுகை மட்டும் ஊற்றி ஒரு கேசட் (திசு வைக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டி) பிளாக் செய்து, எப்போதும் கைவசம் வைத்திருங்கள். குறை வந்தால் முதலில் அதை மாட்டி 4 மைக்ரானில் வெட்டுங்கள். வெறும் மெழுகிலும் தடிப்பு, மெலிவு மாறி மாறி வந்தால் கோளாறு இயந்திரத்திலோ பிளேடிலோ இருக்கிறது. வெறும் மெழுகு ஒழுங்கான ரிப்பனாக வந்து, நோயாளியின் பிளாக் மட்டும் அடம் பிடித்தால் மைக்ரோடோமைத் தொட வேண்டாம், திசு எப்படி பிராசஸ் ஆனது, அதாவது ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று வரிசையாக எப்படி ஊறியது என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறியை வைத்துப் பார்த்தால் இயந்திரப் பக்கம்தான் சந்தேகம். கேசட்டிலிருந்து ஆரம்பியுங்கள். எம்பெட்டிங்கின்போது (மெழுகில் பதிக்கும்போது) கேசட்டின் பின்புறமும் ஓரங்களிலும் வழிந்து உறைந்த மெழுகைச் சுரண்டி எடுக்காவிட்டால், கிளாம்ப் பிடிப்பது கேசட்டை அல்ல, அந்த மெழுகை. ஒவ்வொரு சுற்றிலும் பிளாக் நூலளவு ஆடும். அது சரியாக இருந்தால் பிளாக்கைத் தாங்கும் தலையின் லாக், பிளேடு கிளாம்பின் லீவர், ஹோல்டரின் அடிப்பகுதி லாக் என்று வரிசையாக இறுக்கிப் பாருங்கள். ஹோல்டரில் பிளேடு உட்காரும் இடத்தில் மெழுகுத் துணுக்கு சிக்கியிருந்தாலும் பிளேடு ஆடும். பிளேடைக் கழற்றிவிட்டு, மெழுகைக் கரைக்கும் சைலீன் தொட்ட துணியால் அந்த இடத்தைத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

இத்தனையும் சரி என்றால் கிளியரன்ஸ் ஆங்கிள்தான் மிச்சம். பிளேடின் பின்சரிவு பிளாக்கின் முகத்தில் உரசாமல் இருப்பதற்காக விடும் கோணம் அது. கோணம் போதாவிட்டால் பிளேடு வெட்டுவதற்குப் பதிலாகப் பிளாக்கை அழுத்திவிட்டுப் போகும். அந்தச் சுற்றில் செக்‌ஷன் வராது. அடுத்த சுற்றில் 4 மைக்ரானோடு விட்டுப்போன 4 மைக்ரானும் சேர்ந்து தடிப்பாக வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். இப்போது இருக்கும் கோணத்திலிருந்து 1 டிகிரி கூட்டி, சில செக்‌ஷன் வெட்டி, மறுபடி 1 டிகிரி கூட்டிப் பாருங்கள். பல ஹோல்டர்களுக்கு 5 டிகிரி அளவில் ஆரம்பிப்பது வசதி. அளவுக்கு மீறினால் செக்‌ஷனில் குறுக்கே அலையலையாகக் கோடு விழும். அது வந்தால் ஒரு டிகிரி பின்வாங்குங்கள். ஒரு வகை பிளேடுக்கு வைத்த கோணம் வேறு வகைக்குப் பொருந்தாது. ஸ்டோரில் மலிவாகக் கிடைக்கிறதென்று பிளேடு வகையை மாற்றினால் கோணத்தையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

கேள்வி: கத்திரி வெயில் நாட்களில் செக்‌ஷன் சுருங்கி, மடிந்து வருகிறது. ஐஸில் வைத்தால் ஒன்றிரண்டு ரிப்பன் வருகிறது, பிறகு பழையபடிதான். ஃப்ரீசரில் வைக்கலாமா? (டி.எம்.எல்.டி. மாணவி, தாம்பரம்)

ஃப்ரீசர் வேண்டாம். மைனஸ் 20 டிகிரியில் மெழுகு விரிசல் விடும், திசுவைச் சுற்றி மெழுகு பிரியவும் செய்யும். வெளியே எடுத்து மாட்டியதும் பிளாக் சூடேறி விரிவதால் முதல் சில செக்‌ஷன்கள் நீங்கள் வைத்த அளவைவிடத் தடிப்பாகவே வரும். தட்டில் உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்தான் நல்லது. வெட்டும் முகம் கீழே படும்படி 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். குளிர்ச்சியோடு கொஞ்சம் ஈரமும் திசுவுக்குள் இறங்கும்.

அறையை 22 முதல் 24 டிகிரிக்குள் வையுங்கள். ஏ.சி. காற்று நேராக மைக்ரோடோம் மேல் அடித்தால் ரிப்பன் பறக்கும், அதனால் காற்றைத் திருப்பிவிடுங்கள். மெழுகு 54–56 டிகிரி ரகமாக இருந்தால் கோடைக்கு 58–60 ரகம் வாங்குங்கள். அப்படி மாற்றும்போது மெழுகு பாத்தின் (உருகிய மெழுகுத் தொட்டியின்) வெப்பத்தையும் உருகுநிலைக்கு 2 அல்லது 3 டிகிரி மேலே உயர்த்துங்கள்.

குளிர்ந்த அறையில், நல்ல மெழுகோடும் சுருங்கினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது மெழுகில் சைலீன் கலந்திருக்கிறது. முதல் மெழுகு பாத்தில் எப்போதுமே சைலீன் கொஞ்சம் சேரும். மூன்றாவது பாத்தைத் திறக்கும்போதே சைலீன் வாடை அடித்தால் மெழுகு மாற்றும் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: மார்பகத் திசு பிளாக்குகள் மறுநாள் நடுவில் குழிந்திருக்கின்றன, வெட்டினால் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை விழுகிறது. அதே இரவு, அதே பிராசஸரில் போன எண்டோஸ்கோபி பயாப்ஸிகளோ வறண்ட ஏரிப் படுகை போல வெடித்திருக்கின்றன. ஒன்று குறைவாகவும் மற்றொன்று அதிகமாகவும் பிராசஸ் ஆவது எப்படி? (நோயியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்)

கேள்வியிலேயே விடை இருக்கிறது, டாக்டர். இரண்டையும் ஒரே நேர அட்டவணையில் ஓட்டுவதுதான் காரணம். கொழுப்பு நிறைந்த மார்பகத் திசுவுக்கு அந்த நேரம் போதவில்லை. 2 மில்லிமீட்டர் பயாப்ஸிக்கோ அது மிக அதிகம். சின்னத் துணுக்கில் புரதங்களோடு ஒட்டியிருக்கும் நீரைக்கூட அப்ஸல்யூட் (நீர் கலக்காத) ஆல்கஹால் உறிஞ்சிவிடுகிறது. பிறகு அது நொறுங்கத்தான் செய்யும்.

பெரிய திசுவுக்கு 13 மணி நேர அட்டவணை ஒன்று தருகிறோம். ஃபார்மலின் 1 மணி, 70 சதவீத ஆல்கஹால் 1, 90 சதவீதம் 1, அப்ஸல்யூட் மூன்று ஜாடிகளில் 1, 1, ஒன்றரை, சைலீன் 1, ஒன்றரை, மெழுகு 1, ஒன்றரை, ஒன்றரை. மாலை 6 மணிக்குப் போட்டால் காலை 7 மணிக்குக் கையில் கிடைக்கும். பயாப்ஸிகளைத் தனியாக, ஜாடிக்கு 15 முதல் 20 நிமிடம் என்று பகலில் ஓட்டுங்கள். பிராசஸர் ஒன்றுதான் என்றால் பயாப்ஸிகளைக் கையாலேயே ஓட்டலாம். பெரியவற்றோடு சேர்த்து இரவில் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் அட்டவணை மட்டும் மார்பகப் பிளாக்கைக் காப்பாற்றாது. அறுவை அரங்கிலிருந்து முழு மார்பகத்தை அப்படியே ஃபார்மலின் வாளியில் போட்டு அனுப்பினால் உள்பகுதி பச்சையாகவே இருக்கும். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், ஆழம் கூடக்கூட வேகமும் குறையும். வந்தவுடன் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் கீறித் திறந்து, இடையிடையே பஞ்சோ காஸ் துணியோ வைத்து, திசுவின் பருமனைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலினில் போடுங்கள். மார்பகப் புற்றுக்குச் செய்யும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனை இருப்பதால் ஃபார்மலினில் இருக்கும் நேரம் 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72 மணியைத் தாண்டவும் கூடாது. கேசட்டில் வைக்கும் துண்டு 3, மிஞ்சினால் 4 மில்லிமீட்டர் தடிமன். மூடியை அமுக்கி மூட வேண்டியிருந்தால் துண்டு தடிப்பு. அமுங்கிய இடத்துக்கு எந்தத் திரவமும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஃபார்மலினை நீங்களே தயாரிப்பதானால் 1 லிட்டருக்கு அளவு இது. கடையில் வரும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த பாஸ்பேட் உப்புகள் சேர்க்காத ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும். ரத்தம் மிகுந்த திசுக்களில் பழுப்புக் கறுப்பாகப் படியும் ஃபார்மலின் நிறமி அதனால் வருவதுதான்.

அடுத்தது, நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஆல்கஹால் ஜாடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையே அது குடித்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் அப்படித்தான். லேபிளில் அப்ஸல்யூட் என்று இருக்கும், ஜாடிக்குள் இருப்பது வேறாக இருக்கும். கையால் ஓட்டும் லேபாக இருந்தால் கடைசி ஆல்கஹால் ஜாடியின் அடியில் நீரற்ற காப்பர் சல்பேட்டை ஒரு விரல் உயரம் பரப்பி, மேலே இரண்டு மூன்று ஃபில்டர் பேப்பர் போட்டு வையுங்கள். வெள்ளைத் தூள் நீலமானால் ஆல்கஹாலில் நீர் சேர்ந்துவிட்டது, மாற்றுங்கள். தானியங்கி பிராசஸரில் இந்தத் தூளைப் போடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் சைலீன் பால்போலக் கலங்குவதும் நீரைத்தான் காட்டுகிறது. அப்போது சைலீனை மட்டும் மாற்றினால் போதாது, அதற்கு முந்தின ஆல்கஹாலையும் மாற்ற வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் பிளாக்குகளுக்கு வருவோம். குழிந்த பிளாக்கை உருக்கித் திசுவை எடுத்து, மெழுகை ஒற்றியெடுத்துவிட்டு, நடுப்பகுதியைப் பாருங்கள். உறுதியாக இருந்து, வெளிறிச் சைலீன் வாடை அடித்தால் மெழுகுதான் போதவில்லை. வாக்குவம் இருந்தால் வாக்குவத்தில், புது மெழுகில் இன்னும் 2 மணி நேரம் போதும். நடு பிசுபிசுவென்று மெத்தென்றிருந்தால் சைலீன் இரண்டு முறை, அப்ஸல்யூட் இரண்டு முறை, 90, 70 என்று படிப்படியாக இறக்கி, ஃபார்மலினில் திரும்பப் போட்டு, முழு அட்டவணையையும் மறுபடி ஓட்டுங்கள். முதல் முறை போல வராது. ஆனால் படிக்கும்படியான ஸ்லைடு கிடைக்கும்.

வெடித்த பயாப்ஸியை மறுபடி பிராசஸ் செய்ய வேண்டாம். முகம் தெரியும் அளவுக்கு மட்டும் மெதுவாக ட்ரிம் செய்து (மேல் மெழுகைச் சீவி), நனைத்த பஞ்சை முகத்தில் ஒட்டி, ஐஸ் மேல் 10, 15 நிமிடம் விடுங்கள். ஈரம் மேல்மட்டத்தில் சில மைக்ரான் மட்டுமே இறங்கும். அதனால் திரும்ப மாட்டியதும் ட்ரிம் செய்யாமல் வருகிற முதல் செக்‌ஷன்களையே எடுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். அந்தத் துணுக்கு தீர்ந்துபோனால் நோயாளி மறுபடி எண்டோஸ்கோபிக்குப் படுக்க வேண்டும்.

கேள்வி: செக்‌ஷனில் மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் கீறல். (பெரம்பூர் வாசகர்)

பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்தி வெட்டுங்கள். கீறல் போய்விட்டால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. திசுவின் அதே இடத்தில் மறுபடி வந்தால் உள்ளே சுண்ணாம்பு, தையல் நூல், ஸ்டேப்ளர் பின் ஏதோ இருக்கிறது. பின்னாக இருந்தால் உருக்கி எடுத்தே ஆக வேண்டும். சுண்ணாம்பாக இருந்தால் பிளாக்கின் முகத்தை 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் அரை மணி முதல் 1 மணி வரை கவிழ்த்து வைத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வெட்டுங்கள். மேல்மட்டம் மட்டுமே இளகியிருக்கும். அமிலம் பட்ட பிளாக் என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பின்னால் இம்யூனோ (ஆன்டிபாடி கொண்டு செய்யும் சாயச் சோதனை) செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஏ.சி. அறையில் ரிப்பன் பிளேடிலும் ஹோல்டரிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. (அண்ணா நகர் வாசகி)

நிலைமின்சாரம். பக்கத்தில் ஈரத்துணி ஒன்றை விரித்துப் போடுங்கள், இயந்திரத்தின் எர்த் இணைப்பைச் சரிபாருங்கள், சக்கரத்தின் வேகத்தைக் குறையுங்கள். பிளேடின் பின்பக்கம் மெழுகு ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

கேள்வி: ஸ்டெய்ன் செய்யும்போது செக்‌ஷன் ஸ்லைடிலிருந்து கழன்று போகிறது. வெட்டியதை மிதக்கவிடும் வாட்டர் பாத்துக்கு போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (கிண்டி வாசகர்)

காய்ச்சி வடித்த நீருக்கு மாறுங்கள், தினமும் மாற்றுங்கள். வெப்பம் 42 முதல் 45 டிகிரி இருக்கட்டும், மெழுகின் உருகுநிலைக்குச் சுமார் 10 டிகிரி கீழே. சூடு கூடினால் திசு விரிந்து செல்கள் பிரியும், குறைந்தால் சுருக்கம் விரியாது. ஸ்லைடை எடுத்ததும் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். செக்‌ஷனுக்கு அடியில் தங்கிய நீர்தான் பின்னால் கழற்றிவிடுகிறது. நீர் முழுதும் வடிந்தபின் 60 டிகிரி ஓவனில் அரை மணி முதல் 1 மணி வரை. சார்ஜ்டு ஸ்லைடு (திசு ஒட்டிக்கொள்ள மின்னேற்றம் தந்த கண்ணாடி) பயன்படுத்தினால் பாத்தில் ஜெலட்டினோ ஆல்புமினோ போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் பிறகு டிஷ்யூ பேப்பரை நீரின் மேற்பரப்பில் இழுத்து மிதப்பவற்றை அள்ளுங்கள். முந்தின நோயாளியின் புற்றுத் துணுக்கு அடுத்தவர் ஸ்லைடில் ஏறினால், இல்லாத நோய்க்கு ஒருவர் சிகிச்சைக்குப் போக நேரும். எத்தனை பிளாக் பாக்கி இருந்தாலும் இதை மட்டும் விடக்கூடாது.

கேள்வி: இரவில் மின்சாரம் போய், பிராசஸரில் திசு இருக்கும் கூடை ஜாடிகளுக்கு நடுவே தொங்கியபடி நின்றுவிட்டது. திசு காய்ந்து சருகாகிவிட்டது. (ஆவடி வாசகர்)

எந்த ஜாடியிலிருந்து எழும்பியது என்று முதலில் பாருங்கள். சைலீனுக்குப் போகும் முன் காய்ந்திருந்தால் மீட்கலாம். ஆல்கஹால் 30 மில்லி, 1 சதவீத ஃபார்மலின் 50 மில்லி, 5 சதவீத சோடியம் கார்பனேட் கரைசல் 20 மில்லி கலந்து அதில் போடுங்கள். சாண்டிசன் கரைசல் என்பார்கள். சின்னத் துண்டு சில மணி நேரத்தில் இளகும், பெரியதை இரவு முழுவதும் விடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலிலிருந்து ஆரம்பியுங்கள். சைலீனில் ஏறியபின் காய்ந்திருந்தால் சைலீனில் திரும்பப் போட்டு, இரண்டு ஜாடி மாற்றி, மெழுகுக்குப் போகலாம். மெழுகிலேயே உறைந்து நின்றிருந்தால் சேதம் குறைவு. மெதுவாக உருக்கி, புது மெழுகில் அரை மணி வைத்து எம்பெட் செய்யுங்கள்.

இனி தாமதத் தொடக்கம் வைக்கும்போது கூடை ஃபார்மலினில் காத்திருக்கும்படி அமையுங்கள், அப்ஸல்யூட்டிலோ சைலீனிலோ காத்திருக்கக் கூடாது. யு.பி.எஸ். வாங்கும்போது மோட்டாரை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மெழுகு ஹீட்டர்தான் அதிக மின்சாரம் இழுக்கும்.