ஆங்கிலம் உலகப் பொதுமொழி ஆனது எப்படி? கேள்வி பதில்

(பாளையங்கோட்டையில் முப்பது வருசம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.)

அம்பாசமுத்திரம் மாணவி: எளிமையான மொழி என்பதால்தான் ஆங்கிலம் பரவியதா சார்?

இல்லம்மா. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்று இருக்கிற மொழி அது. கப்பலும் துப்பாக்கியும் வியாபாரமும்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஆனாலும் ஐரோப்பிய அரசுகள் ரொம்ப காலம் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டன. முதல் உலகப்போர் முடிந்து, 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில்தான் ஆங்கிலம் பிரெஞ்சுக்குச் சமமாக உட்கார்ந்தது. அறிவியலில் ஜெர்மனுக்கு இருந்த இடமும் இரண்டு போர்களில் சரிந்தது. அப்புறம் அமெரிக்காவின் பணமும் ஆராய்ச்சிக்கூடங்களும் மீதியைச் செய்தன.

ராதாபுரம் தம்பி: என் இங்கிலீஷில் நெல்லை வாடை அடிக்குதுன்னு கிண்டல் பண்றாங்க. மாத்தணுமா அண்ணாச்சி?

வேண்டாம் தம்பி. உங்க ஊர்ப் பக்கம் கூடங்குளத்தையே பாருங்க. அது ரஷ்யத் தொழில்நுட்பம். ரஷ்யப் பொறியாளரும் நம்ம ஆளும் பேசிக்கொள்ள ஆங்கிலம்; இரண்டு பேருக்குமே அது தாய்மொழி கிடையாது. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். வாடை இருக்கட்டும். தெளிவில் மட்டும் கவனம் வையுங்க, அது உயிர்ப் பிரச்சினை. 1977-ல் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி, 'கிளம்பிக்கிட்டு இருக்கோம்' என்று நினைத்துச் சொன்ன ஆங்கில வாக்கியத்தை, ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் 'கிளம்பத் தயாராக நிற்கிறோம்' என்று எடுத்துக்கொண்டார். மூடுபனி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு பதறும். வெளிநாடு பறக்கும் விமானிகளுக்கு இப்போது ஆங்கிலத் திறன் தேர்வே இருக்கிறது. அதிலும் வட்டார வாடை குற்றமில்லை, புரிந்தால் போதும்.

தென்காசி வாசகர்: நம்ம சொல் ஏதாவது ஆங்கிலத்துக்குப் போயிருக்கா?

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் அங்கே அகராதியில் உண்டு.

திசையன்விளை அம்மா: வீட்டிலும் தமிழ் பேசாதீங்கன்னு பள்ளியில் சொல்றாங்க. சரியா?

சரியே இல்லை, தாயி. பக்கத்தில் இடையன்குடிக்கு 1841-ல் வந்த கால்டுவெல்லுக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தது. தமிழையும் ஊன்றிப் படித்ததால்தான் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவரால் எழுத முடிந்தது. ஒரு மொழி வர இன்னொன்றை விரட்ட வேண்டியதில்லை. ராத்திரி கதையைத் தமிழிலேயே சொல்லுங்க. பாடம் புரியாவிட்டால் தமிழில் விளக்குங்க. பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலச் சொல் தானாக வந்து ஒட்டும். பள்ளியில் கேட்டால், ஒரு ஆங்கில வாத்தியார்தான் சொன்னார் என்று சொல்லுங்க.