பிரான்சின் வட்டார வைன்களை எந்தெந்த உணவோடு அருந்த வேண்டும்?

இறைச்சிக்குச் சிவப்பு வைன், மீனுக்கு வெள்ளை வைன் என்ற விதி போதுமா, போதாதென்றால் பிரான்சின் எந்த ஊர் வைனுக்கு எந்த உணவு துணை என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிஸ் உணவகங்களின் சமையற்கூடங்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் என் பதில்: நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஊரைப் பாருங்கள். ஒரு வட்டாரத்து வைனுக்கு முதலில் தேட வேண்டிய துணை, அந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டியும் அங்கே அடுப்பில் வேகும் இறைச்சியும்தான். இந்தப் பொருத்தம் நாக்கில் எப்படி நிகழ்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் ஊர் எல்லையைத் தாண்டலாம் என்பதும் தெரிந்துவிடும்.

லுவார் ஆற்றங்கரையில், குன்றின் மேல் அமைந்த சான்செர் என்ற ஊரின் வைன் எல்லைக்குள்ளேயே ஷவின்யோல் என்ற சிற்றூர் இருக்கிறது. சொவிஞோன் பிளான் திராட்சையில் செய்யும் வெள்ளை வைனும், குரோத்தான் எனப்படும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அங்கே அருகருகே விளைகின்றன. ஆட்டுப்பால் கட்டிக்கே ஒரு புளிப்பும் உப்பும் உண்டு. வைனில் அதற்கு ஈடான புளிப்பு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தணித்து, கட்டியின் பால் சுவை மேலெழுந்து வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலாடைக்கட்டிக்குச் சிவப்பு வைன்தான் மரபு என்று யாரோ சொன்னதை நம்பி, போர்தோ வைனோடு இதே கட்டியை உண்டேன். வாயில் சுண்ணாம்பு அப்பியது போல இருந்தது. அன்றுமுதல், பெரும்பாலான பாலாடைக்கட்டிகளுக்கு வெள்ளை வைனே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பத்து நாள் வயதில் மென்மையாக இருக்கும் குரோத்தானையும், மாதக் கணக்கில் காய்ந்து நீலப் பூஞ்சை படர்ந்ததையும் ஒரே புட்டி சான்செரோடு அடுத்தடுத்துச் சுவைத்துப் பாருங்கள். ஒரே வைன் இரண்டு விதமாகத் தோன்றும்.

அதே ஆறு கடலைச் சேரும் நாந்த் பகுதியின் முஸ்கதே வைன் மெலிந்தது, வாசனை குறைந்தது. நொதித்து முடிந்த ஈஸ்டின் வண்டல் மேலேயே குளிர்காலம் முழுவதும் அதை வைத்திருந்து புட்டியில் அடைப்பதால், நாக்கில் மெல்லிதாகச் சுருக்கென்று குத்தும் உணர்வு இருக்கும். சமைக்காத சிப்பிக்கு எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை இந்த வைன் செய்துவிடுகிறது. இன்னும் வடக்கே, திராட்சைக்கு வெயில் போதாத நோர்மாந்தியில், கமாம்பேர் கட்டியோடு ஆப்பிளை நொதிக்கவைத்துச் செய்யும் சீதரை அருந்துகிறார்கள்; வைனைவிட அதுவே பொருந்துகிறது.

சிவப்பு வைனின் தன்மை துவர்ப்பு. கொய்யாப் பிஞ்சைக் கடித்தால் வாய் வறண்டு இழுக்குமே, அதே நிகழ்வுதான்: துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உணவிலேயே புரதமும் கொழுப்பும் நிறைந்திருந்தால் அது அவற்றோடு ஒட்டி வாயை விட்டுவிடும். தென்மேற்கில், தானா என்ற பெயருள்ள, துவர்ப்பு மிகுந்த திராட்சையில் செய்யும் மதிரான் வைன் தனியாகக் குடித்தால் கடுமையாக இருக்கும். அந்த நாட்டுப்புறத்தில் வாத்துக்காலை உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைத்துப் பதப்படுத்துவார்கள். அதை ஒரு வாய் உண்டபின் அதே வைன் கனிந்துவிடுகிறது. போர்தோவின் போயாக் வைனும் அங்கே வளரும் இளம் ஆட்டிறைச்சியும் இதே வகை உறவு. மீனோடு மட்டும் இத்தகைய வைனைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் வைனில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து உலோகச் சுவையைக் கொடுக்கும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான வட்டாரம் ஜூரா. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய இந்த மலைநாட்டின் அர்புவா நகரில்தான் லூயி பாஸ்தர் வளர்ந்தார். வைன் ஏன் கெட்டுப்போகிறது என்று 1860களில் ஆராய்ந்ததும் அங்கேதான். அங்கே சவன்யான் திராட்சையில் வான் ஜோன், அதாவது மஞ்சள் வைன், செய்கிறார்கள். பொதுவாகப் பீப்பாயில் வைன் ஆவியாகிக் குறையும்போது காற்றுப் படாமல் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்; இங்கே நிரப்பாமல் விடுகிறார்கள். வைனின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து அதைக் காக்கிறது. அறுவடையிலிருந்து ஆறு ஆண்டும் சில மாதங்களும் கடந்தபின்பே அது விற்பனைக்கு வரும். ஒரு லிட்டர் வைனில் எஞ்சும் அளவு இதுதான் என்று சொல்லி, கிளவ்லான் எனப்படும் 62 சென்டிலிட்டர் புட்டியில் அதை அடைக்கிறார்கள்.

அந்த மலைப் புல்வெளிகளில் மேயும் மொம்பேலியார்து மாடுகளின் பாலில் கோந்தே என்ற பாலாடைக்கட்டி உருவாகிறது. ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள, சக்கர வடிவிலான ஒரு கட்டிக்குச் சுமார் 400 லிட்டர் பால் தேவை. ஒரு வீட்டுப் பசுக்களால் அது முடியாது என்பதால் ஊரார் பாலை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி செய்யும் கூட்டுறவு முறை அங்கே நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த கோந்தேயில் அக்ரூட் கொட்டையின் சுவை வரும். வான் ஜோனிலும் அதே சுவை உண்டு. இரண்டையும் முதன்முறை சேர்த்து உண்டபோது, வைனை விழுங்கி வெகுநேரம் ஆன பின்னும் அந்தச் சுவை தொண்டையில் தங்கியிருந்தது.

ஊர் எல்லையைத் தாண்டும் சேர்க்கைகளும் உண்டு. போர்தோவின் சோத்தேர்ன் பகுதியில் இலையுதிர்காலக் காலைப் பனிமூட்டத்தால் திராட்சையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து, பழம் சுருங்கி, சர்க்கரை செறிந்துவிடும். அந்த இனிப்பு வைனுக்குச் சிறந்த துணையான ரோக்ஃபோர், வெகு தொலைவில் மலைக் குகைகளில் முதிரும் செம்மறிப்பால் கட்டி. அதன் உப்பும் காரமும் வைனின் இனிப்போடு மோதி இரண்டும் நிறைவடைகின்றன. ரூசியோன் பகுதியின் பன்யுல்ஸ் என்ற இனிப்புச் சிவப்பு வைனுக்குக் கறுப்பு சாக்லேட் பொருந்துவதும் இப்படித்தான்.

வீட்டில் முயல விரும்புவோர் வான் ஜோனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்ற வேண்டாம். சில மணி நேரம் முன்பே திறந்து, 15 பாகை செல்சியஸ் அளவுக்கு வரவிட்டால்தான் அதன் மணம் விரியும். அந்த மணத்தை முகர்ந்தபோது எனக்கு எங்கள் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. காரணம் பின்னர்தான் தெரிந்தது: வெந்தயத்துக்கு மணம் தரும் சொதோலோன் என்ற சேர்மமே இந்த வைனிலும் இருக்கிறது. ஜூராவில் கோழியை இந்த வைனிலும் பாலேட்டிலும் மொரிய் காளானோடு சமைக்கிறார்கள். நான் வெந்தயம் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டு, மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்துக் கோழிக்குழம்பு வைக்கிறேன், ஏனெனில் வைனின் மதுச்சத்து மிளகாயின் எரிவைக் கூட்டிவிடும். நான் அறிந்தவரை நம் சமையலுக்கு இதைவிட நெருங்கிய பிரெஞ்சு வைன் வேறில்லை.